சித்தூர்ப் பிள்ளைக்குப் பக்கத்துக் குளம் எது?

2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் நடந்த நீச்சல் போட்டியில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ‘ஏ’ தகுதி நேரம் 1:56.48. நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். நாட்டுக்கு ஒருவர் என்று கருணையோடு தரப்படும் இடத்தில் போகாமல், ‘ஏ’ நேரத்தை எட்டி நேரடியாகவே ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். சில நாட்களிலேயே பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் நாளிதழ்கள் சஜனைக் கேரள வீரர் என்று எழுதின. தவறில்லை. இடுக்கியில் பிறந்தவர்; 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளில் கேரளத்துக்காக ஆறு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்றவர்; கேரளக் காவல் துறையில் பணி. ஆனால் அவர் நீந்தக் கற்றது நெய்வேலியில். ஐந்து வயதில் அவர் இறங்கிய குளம் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்பில் இருந்தது. தமிழ்நாடு கையில் வைத்திருந்து கவனிக்காமல் விட்டவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

சித்தூரிலோ திருப்பதியிலோ பிறக்கும் ஒரு பிள்ளைக்கு நீச்சல் நன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் ஆறேழு ஆண்டுகள் எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் வழியில் முதலில் நிற்க வேண்டிய ஊர் நெய்வேலி.

1956இல் நிறுவனம் தொடங்கியபின் கோடு போட்டுக் கட்டிய ஊர் அது. எண்ணிட்ட வட்டங்களாக வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, விளையாட்டரங்கம், நீச்சல் குளம். சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். ஆள் குடும்பத்தோடு தங்க வேண்டும். தங்கினால் பிள்ளைகளுக்குப் படிப்பும் விளையாட்டும் வேண்டும். அந்தக் காலத்துப் பொதுத்துறை இப்படித்தான் கணக்குப் போட்டது. ஒலிம்பிக் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. ஓட்டப் பந்தய வீராங்கனையான வி.ஜே. சாந்திமோள் அந்த நிறுவனத்தில் பணியில் இருந்தார். அவருடைய மகன்தான் சஜன்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது. நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் குளம். வீட்டில் பயிற்சி என்றால் என்னவென்று தெரிந்த ஒரு தாய். தடகளத்தில் ஓடி வளர்ந்தவருக்குச் சில விஷயங்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: தோற்று வந்த பிள்ளையிடம் அன்றைக்கு என்ன பேசக்கூடாது, தோள் வலிக்கிறது என்றால் எது சாக்கு, எது நிஜம், பரீட்சை மாதத்தில் பயிற்சியைக் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் என்ன. இவற்றைத் தெரிந்துகொள்ள மற்ற பெற்றோர் ஐந்தாறு வருடங்களைச் செலவழிக்கிறார்கள். தெரிந்துகொள்வதற்குள் பிள்ளை பெரும்பாலும் நீச்சலை விட்டிருக்கும்.

திறமையைக் கண்டுபிடிப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நீச்சலில் கண்டுபிடிப்பு பெரிய சிரமமே இல்லை. பத்துப் பிள்ளைகளை ஒரு மாதம் தண்ணீரில் விட்டால், எது வேறு மாதிரி மிதக்கிறது என்பது கரையில் நிற்கும் எந்தக் கோச்சுக்கும் தெரிந்துவிடும். அந்தப் பத்துப் பிள்ளைகளும் தண்ணீரை அடைவதில்தான் சிக்கல் எல்லாம்.

பிள்ளை வயதில் தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஓட்டக்காரர் தரையை உதைத்து முன்னே போகிறார். நீச்சல்காரருக்கு உதைக்கத் தரை இல்லை, நழுவிக்கொண்டே இருக்கும் தண்ணீரைத்தான் பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். உள்ளங்கையும் முன்கையும் அந்தப் பிடியை எந்தக் கோணத்தில் உணர்கின்றன, இடுப்பு தாழாமல் உடம்பு எப்படி நீள்கிறது, சுவரை உதைத்துத் திரும்பும்போது கைகள் எவ்வளவு ஒட்டி இருக்கின்றன என்பதெல்லாம் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே படிவது போலப் பிறகு படிவதில்லை. பலம் பதினாறு வயதில் வந்து சேரும். ‘ஃபீல்’ என்று கோச்சுகள் சொல்வது அப்படி வராது. பதினைந்து வயதில் தொடங்கி நல்ல வேகப்பந்து வீச்சாளர் ஆனவர்கள் உண்டு. பதினைந்தில் தொடங்கி ஒலிம்பிக் போன நீச்சல்காரரைத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்க மாட்டார்.

அதற்கு விலை நேரம். பத்து வயதில் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்; பதினான்கில் ஐந்து, ஆறு. ஐம்பது மீட்டர் குளத்தில் ஐந்து கிலோமீட்டர் என்றால் நூறு லேப். வாரத்துக்கு ஆறு நாள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு வீட்டில் விளக்கு எரிய வேண்டும். மைக்கேல் ஃபெல்ப்ஸ் பிறந்து வளர்ந்த பால்டிமோரிலேயே நல்ல கிளப் இருந்தது. ஏழு வயதில் இறங்கினார், பதினோரு வயதில் பாப் போமன் அங்கே அவருக்குப் பயிற்சியாளராக அமைந்தார், பதினைந்தில் சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஐந்தாவதாக வந்தார். அவருடைய கைநீளத்தைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கிளப் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதியவர்கள் குறைவு.

நம் பக்கத்துக் கதைகளைப் பார்த்தாலும் இதேதான். நிஷா மில்லெட் ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்தவர். அந்தப் பயம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று 1991இல் சென்னை ஷெனாய் நகரில் அவருடைய தந்தையே நீந்தக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே மாநில அளவில் பதக்கம். பிறகு குடும்பம் பெங்களூருவுக்குப் போனது. பசவனகுடி அக்வாடிக் சென்டரில் பிரதீப் குமார் அவரைப் பயிற்றுவித்தார். 1999 மணிப்பூர் தேசிய விளையாட்டுப் போட்டிகளில் 14 தங்கம்; 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தன் ஹீட்டில் முதலாவதாக வந்தும் அரையிறுதிக்கு நேரம் போதவில்லை. நெய்வேலியிலிருந்து சஜன் போனதும் அதே பசவனகுடிதான், அதே பிரதீப் குமார்தான். ஷெனாய் நகரும் நெய்வேலியும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கின. அதற்கு மேல் வளர்க்க இரண்டு ஊராலும் முடியவில்லை.

தினிதி தேசிங்குவின் கதை இன்னும் அண்மையது. 2010இல் பெங்களூருவில் பிறந்தவர். கூச்ச சுபாவமுள்ள பெண், நாலு பிள்ளைகளோடு பழகட்டும் என்று பெற்றோர் பக்கத்துக் குளத்தில் சேர்த்தார்கள். தண்ணீர் பிடிக்கவில்லை. பிடித்தபின் போட்டி பிடிக்கவில்லை. போட்டி நாள் வந்தால் பயத்தில் உடம்புக்கு வந்துவிடும். அவரே பல பேட்டிகளில் சொல்லியிருப்பதுதான் இது. அந்தப் பெண் 2023இல் கோவா தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஏழு தங்கம் வென்றார். 2024இல் பதினான்கு வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில், இந்திய அணியிலேயே இளையவராக, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நீந்தினார். அவருக்கும் குறைந்த வயதில் ஒலிம்பிக் போன இந்தியர் ஆரத்தி சாஹா ஒருவரே, 1952 ஹெல்சிங்கியில், பதினோரு வயதில். தினிதியின் வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் இருந்திருந்தால், பயந்து அழுத முதல் மாதத்திலேயே எந்தப் பெற்றோரும் ‘சரி விடு’ என்று சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் குளம் இருந்ததால் அந்தப் பயத்துக்கு ஆறிப்போக அவகாசம் கிடைத்தது.

இப்போது சித்தூர். இந்த ஊரிலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர், திருப்பதி 70, சென்னை 155, பெங்களூரு 180. உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூர், கல்யாணப் புடவைக்குக் காஞ்சிபுரம், மேற்படிப்புக்குச் சென்னை, வேலைக்குப் பெங்களூரு. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தோடு இருந்து, பிறகு தனி மாவட்டமாகி, 1960இல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்து, 2022 ஏப்ரலில் திருப்பதியையும் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்ட ஊர். கோடுகள் மாறிக்கொண்டே இருந்தாலும் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக, அல்லது மாற்றியும், வாழ்க்கை அப்படியே போகிறது. தேவையானது எந்தத் திசையில் கிடைக்கிறதோ அந்தத் திசையில் பஸ் ஏறிப் பழகிய மக்கள். நீச்சலுக்கு மட்டும் இது சரிவராது. புடவை வருடத்துக்கு ஒருமுறை. நீச்சல் தினம் இரண்டு வேளை.

இந்தப் பகுதிக்கு நீச்சல் புதிதும் அல்ல. சித்தூரின் நீவா ஆறும் திருப்பதிப் பக்கத்துப் பொன்முகலியும் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆனால் கழனிக் கிணறுகள் இருந்தன. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, பிறகு மண்ணெண்ணெய் டின், பிறகு லாரி டியூப் என்று மாறி, மாமனோ அண்ணனோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்க, ஏழு வயதுப் பிள்ளை கிணற்றில் இறங்கும். ஒரு கோடைக்குள் நீச்சல் வந்துவிடும். இரண்டாவது கோடையில் பம்புசெட் மேடையிலிருந்து குதிக்கும். கட்டணம் இல்லை, பேட்ச் இல்லை, சான்றிதழ் இல்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த நீச்சல் பள்ளி அது. பெண் பிள்ளைகளுக்கு அதில் இடம் அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளியைப் போர்வெல் மூடிவிட்டது. ராயலசீமையின் நிலத்தடி நீர் இறங்க இறங்க, எண்பதுகளுக்குப் பின் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. ஆயிரம் அடிக்கு மேல் துளை போடும் ஊரில் நாற்பது அடிக் கிணற்றில் என்ன இருக்கும்? முள்ளும் குப்பையும்தான். துளையில் வரும் தண்ணீர் மாமரத்துக்கும் தக்காளிக்கும் போகிறது. அதில் பிள்ளை இறங்க முடியாது. விவசாயப் புள்ளிவிவரம் இந்த இழப்பை எங்கும் பதிந்து வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் நாளிதழின் உள்பக்கங்களில் அது வேறு வடிவில் வருகிறது: ஏரியில், மண் அள்ளிய பள்ளத்தில், கல்குவாரிக் குட்டையில் மூழ்கிய பிள்ளைகள். நாடு முழுக்க நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. நீச்சல் தெரிந்த பாட்டனுக்கு நீச்சல் தெரியாத பேரன் என்ற நிலைமை இந்த மாவட்டங்களில் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

திருப்பதியில் தண்ணீருக்குக் குறைவில்லாத காட்சிகள் உண்டு. கபில தீர்த்தத்தில் மழைக்காலத்தில் கொட்டும் அருவி, திருமலையில் சுவாமி புஷ்கரிணி, தெப்போற்சவத்தின்போது விளக்கு வரிசைக்கு நடுவே மிதக்கும் தெப்பம். இவை பக்திக்கான நீர். அங்கே ஸ்டாப்வாட்சோடு போக யாரும் நினைக்க மாட்டார்கள், நினைக்கவும் வேண்டாம். நகரத்தில் நீச்சல் குளமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த அளவுள்ள எந்த ஆந்திர நகரத்திலும் இப்போது ஒன்றிரண்டு குளங்கள் இருக்கும். அவை ஓடும் விதத்தில்தான் கோளாறு.

சிறுநகரத்துக் குளங்களின் பொருளாதாரம் ஏப்ரல், மே மாதங்களில் இருக்கிறது. ‘சம்மர் கேம்ப்’ என்று பேனர் கட்டினால் மணிக்கு ஒரு பேட்ச் வரும், வருடச் செலவில் பெரும்பகுதி அதில் தேறும். அந்த இரண்டு மாதமும் போட்டிக்குத் தயாராகும் நாலைந்து பிள்ளைகளுக்குத் தனி லேன் கிடைக்காது. கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் அறுபது பேருக்கு நடுவே அவர்கள் லேப் அடிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் கலையும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் சில்லிட்டுவிடும். போட்டிக் குளத்தில் நீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வெயிலை நம்பி இருக்கும் திறந்தவெளிக் குளத்தில் மார்கழிக் காலையில் ஒன்பது வயதுப் பிள்ளையை இறக்கினால் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகும். ஆக, வருடத்தில் உருப்படியாகக் கிடைப்பது நாலைந்து மாதம். பெங்களூருவில் இதே வயதுப் பிள்ளை பதினொரு மாதம் நீந்துகிறது. இரண்டும் ஒரே போட்டியில் பக்கத்துப் பக்கத்து லேனில் நிற்கும்போது, சித்தூர்ப் பிள்ளை நாலு நொடி பின்தங்கினால் ‘திறமை போதாது’ என்று எழுதிவிடுகிறோம்.

மாநிலத் தலைநகரம் கைகொடுக்குமா? 2002இல் ஆந்திரம் தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது ஹைதராபாத் கச்சிபவுலியில் பெரிய நீச்சல் வளாகம் எழுந்தது. 2014இல் மாநிலம் பிரிந்தது. வளாகம் தெலங்கானாவுக்குப் போனது. பிரிவினையில் நீரையும் மின்சாரத்தையும் பற்றி எவ்வளவோ வாதாடினார்கள். குளத்துக்காக யாரும் வாதாடியதாக நினைவில்லை. சித்தூருக்கு விஜயவாடாவைவிடச் சென்னை வேளச்சேரி மிகப் பக்கம். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய குளம் அங்கே இருக்கிறது. ஆனால் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைக்கு அரசுப் பயிற்சித் திட்டம் எதிலும் இடம் கேட்பது எளிதல்ல.

எனவே வழி ஒன்றுதான்: குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பெங்களூருவில் வீடெடுத்துத் தங்குவது. அநேகமாக அம்மா. அப்பா சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போய் ஞாயிறு ராத்திரி திரும்புவார். இரண்டு வீட்டு வாடகை, பெங்களூருப் பள்ளிக் கட்டணம், கிளப் கட்டணம். நீச்சலுடையும் கண்ணாடியும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதைத் தாங்கக்கூடிய வீடுகள் சித்தூரில் எத்தனை இருக்கும்? மாங்கூழ் ஆலையில் பருவ வேலை பார்ப்பவர், இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர், ஆர்.டி.சி. கண்டக்டர் ஆகியோரின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். சொல்லப்போனால் விடியற்காலைப் பயிற்சிக்குப் பிள்ளையை எழுப்புவது இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. பால் கறக்க நாலரைக்கு எழும் வீடுகள்தான் பாதி.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் நீச்சல் குளமா என்று கேட்பவர்கள் உண்டு. தெருவுக்கு டேங்கர் வரும் நாளில் அந்தக் கேள்வி நியாயமாகவே ஒலிக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒலிம்பிக் குளத்துக்கு 25 லட்சம் லிட்டர் வேண்டும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லில் அரை ஏக்கர் அளவுத் தண்ணீர்தான் ஒரு பெரிய குளம். அதுவும் தினமும் கொட்டி நிரப்புவதில்லை, வடிகட்டிச் சுழற்றுவது. ஆவியாவதையும் வடிகட்டியைக் கழுவுவதையும் ஈடுகட்டினால் போதும். தவிர, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒலிம்பிக் குளம் எதற்கு? இருபத்தைந்து மீட்டர் நீளம், ஆறு லேன், ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். ஐந்து லட்சம் லிட்டருக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு வயது வரை எந்தப் பிள்ளையையும் அதில் தேசிய அளவுக்குத் தயார் செய்யலாம்; சுவர் அடிக்கடி வருவதால் திரும்பும் வித்தை இன்னும் நன்றாகவே படியும். நம் அரசுகளுக்குப் பெரிய குளம்தான் பிடிக்கிறது. திறப்பு விழாப் படத்தில் அதுதான் எடுப்பாக இருக்கும்.

இளம் வயதுத் திறமையைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், பன்னிரண்டு வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அந்த ஒரே ஆண்டில் பாக் நீரிணை உட்பட ஆறு நீரிணைகளைக் கடந்து, ஓர் ஆண்டில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகங்களில் அவர் பெயர் ஏறியது. 1996இல் அர்ஜுனா விருது. அதற்குப் பின்? கைகொடுக்கப் போதுமான ஆதரவு கிடைக்காமல் நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் போனார். பொறியியல் படித்து அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல வாழ்க்கைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் அவ்வளவு செய்த ஒருவருக்கு இருபது வயதில் நீந்த ஓர் ஏற்பாடு செய்துதர முடியாத நாடு, பன்னிரண்டு வயதுச் சாதனையை மட்டும் நன்றாகக் கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை. இத்தனை வயதில் இத்தனை கிலோமீட்டர், கையைக் கட்டிக்கொண்டு இத்தனை மணி நேரம் என்று சான்றிதழ் அச்சிட்டுத் தரும் சாதனைப் புத்தகங்கள் பெருகிவிட்டன. பொன்னாடை, மாவட்ட ஆட்சியரோடு படம், உள்ளூர் கேபிளில் பேட்டி. பெற்றோரின் ஆசை புரிகிறது. ஆனால் ஒன்பது வயதில் பத்துக் கிலோமீட்டர் மிதந்து கடக்கும் பிள்ளையைவிட, ஐம்பது மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கை இரண்டு மாதத்தில் ஒன்றரை நொடி குறைத்த பிள்ளைதான் சரியான பாதையில் போகிறது. முன்னதுக்குப் படம் கிடைக்கும். பின்னது எங்கோ ஒரு பள்ளிக் குளத்தின் அறிவிப்புப் பலகையில் பென்சிலில் எழுதிய எண்ணாக நிற்கும். நல்ல கோச்சுகள் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு வயது வரை அவர்கள் பையன்களுக்குச் சமமாகவோ முன்னாலோ நீந்துவார்கள். பதின்மூன்றில் ஒரே வருடத்தில் பாதிப்பேர் காணாமல் போவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை கிடையாது. மாதவிடாய் நாட்களைப் பற்றிப் பேசப் பெண் கோச் கிடையாது. கரையில் வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்பும் அதிகாரம் காவலாளிக்குக் கிடையாது. ‘லேடீஸ் பேட்ச்’ என்று ஒன்று வைப்பார்கள், காலை பதினோரு மணிக்கு; அந்த நேரத்தில் பிள்ளை ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நான்கு வயதில் கல்கத்தாவின் கங்கைப் படித்துறையில் நீந்தத் தொடங்கிய ஆரத்தி சாஹா, ஒலிம்பிக்குக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின் 1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே அவர் தண்ணீரில் இருந்ததுதான் அதற்குக் காரணம். மகளிருக்கென்றே 1983இல் பல்கலைக்கழகம் கண்ட ஊர் திருப்பதி. ஒரு நீச்சல் பெண் கோச்சை நியமிக்கும் யோசனை அந்த ஊருக்கு அந்நியமாக இருக்க முடியாது.

விடுதிப் பள்ளி போதாதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். கடப்பாவில் அரசு விளையாட்டுப் பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிடலாமே? பன்னிரண்டு வயதுக்கு மேல் சரி. ஒன்பது வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து, தோற்ற இரவில் வார்டனிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சஜனுக்கு நெய்வேலியில் கிடைத்தது அம்மா இருந்த வீடு. பின்னாளில் பயிற்சிக்காகத் தாய்லாந்து, துபாய் என்று போய், பெருந்தொற்றுக் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாயைப் பார்க்காமல் இருந்தபோதும், கழுத்துக் காயத்தால் கை தூக்க முடியாமல் கிடந்தபோதும் அவர் தாங்கினார் என்றால், அந்தத் தாங்குசக்தி இருபத்தைந்து வயதில் வந்ததல்ல. 2018 ஆசியப் போட்டிகளின் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் அவர் ஐந்தாவதாக வந்தார். 1986இல் கஜான் சிங் வெள்ளி வென்ற பிரிவு அது. சஜன் அந்த இறுதியில் நீந்தியது, இடுக்கியில் வெள்ளம் புகுந்து உறவினர்களைப் பற்றித் தகவல் தெரியாமல் இருந்த அதே வாரம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஐஸ்லாந்து ஒரு குட்டி நாடு. மொத்த மக்கள்தொகை திருப்பதி நகரத்தின் அளவுதான். மீன்பிடிப் படகுகளில் ஆட்கள் மூழ்கிச் சாவதைப் பார்த்துப் பார்த்து, 1940இல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். பதக்கத்துக்காக அல்ல, சாகாமல் இருப்பதற்காக. இன்று அந்த நாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. மூன்றரை லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு ஒலிம்பிக்குக்குத் தொடர்ந்து நீச்சல்காரர்களை அனுப்புகிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் பொருந்தும் வரிசை இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் மூழ்காமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள், நாலாம் வகுப்பில் எல்லோருக்கும், பெண்களுக்கும் சேர்த்து. கிணறு செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். அந்த ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேர் வேறு மாதிரி மிதப்பார்கள். அந்தப் பத்துப் பேருக்கு வருடம் முழுக்க இரண்டு லேன், சம்மர் கேம்ப் வருமானத்தை நம்பாமல் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு கோச், மார்கழியில் தண்ணீரைச் சூடாக்க ஒரு சூரிய ஆற்றல் அமைப்பு. இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

2036 ஒலிம்பிக்கை அகமதாபாதில் நடத்த இந்தியா முயல்கிறது. கிடைத்தால், வாய்ப்புள்ளவர்களின் பட்டியல் டெல்லியில் தயாராகும். அதில் பெங்களூரு இருக்கும், புனே இருக்கும், ஹைதராபாத் இருக்கும். சித்தூர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டுமென்றால் இப்போது எட்டு வயதில் இருக்கும் பிள்ளை இந்த வருடமே தண்ணீரில் இறங்க வேண்டும். புதுக் குளம் கட்டி முடியும் வரை அதற்குக் காத்திருக்க முடியாது. 1954இல் தொடங்கிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம் முதல் அண்மையில் வந்த ஐ.ஐ.டி. வரை திருப்பதியில் கல்வி வளாகங்களுக்குக் குறைவில்லை. தேவஸ்தானமும் பள்ளி கல்லூரிகளை நடத்துகிறது. இவற்றில் குளம் உள்ளவை காலை ஐந்து முதல் ஏழு வரை நகரத்துப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்துவிடலாம். அந்தப் பிள்ளைகள் முதல் பீரியடுக்குத் தாமதமாக வந்தால் வெளியே நிறுத்தக்கூடாது என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். சித்தூருக்கு மாநகராட்சி நிதியில் ஓர் இருபத்தைந்து மீட்டர் குளம். துணைவேந்தர், ஆட்சியர், மாநகராட்சி ஆணையர் மூவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் முதல் இரண்டும் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. மூன்றாவதற்கு ஒரு நிதியாண்டு போதும்.